புது ஐபோன் படம் கசிந்தால் லாபம் யாருக்கு? அடி யாருக்கு? செஞ்சி வரை வரும் ரகசிய வேட்டை - ஓர் அலசல்

செஞ்சி:-

செப்டம்பர் மாதம் நெருங்கினால் போதும். செஞ்சி கூட்டு ரோடு, காந்தி பஜார், பஸ் நிலையம் என்று எந்த செல்போன் கடை வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "புது ஐபோன் படம் லீக் ஆயிடுச்சாம்", "கேமரா பட்டையா வருதாம்", "அடுத்தது மடக்குற போனாம்" என்று வாலிபர்கள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை காட்டி காட்டி பேசுகிறார்கள்.

அவர்கள் வாங்கப்போவது என்னவோ 10 ஆயிரம், 12 ஆயிரம் ரூபாய் போன்தான். ஆனாலும் லட்ச ரூபாய் போனின் ரகசியத்தை தெரிந்து கொள்வதில் ஒரு ஆர்வம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த கசிவு சமாச்சாரம் இப்போது நமக்கு வெறும் வேடிக்கை இல்லை. அந்த போன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் தயாராகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற வட மாவட்டங்களின் கிராமங்களில் இருந்து பிளஸ்-2, டிப்ளமோ முடித்த பெண் பிள்ளைகள் வேலை தேடி போகிற பக்கம் அது. ஒரு படம் வெளியே போனால் முதலில் சந்தேகப்பார்வை விழுவது யார் மேல் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டி இருக்கிறது.

கசிவு என்றால் என்ன?

புது செல்போனை கடைக்கு அனுப்பும் முன்பு கம்பெனி சில மாதிரி போன்களை செய்து பார்க்கும். அதற்கு பெயர்தான் புரோட்டோடைப். கீழே போட்டு பார்ப்பார்கள், தண்ணீரில் நனைப்பார்கள், சூடேற்றுவார்கள். சில என்ஜினீயர்கள் அதை வெளியே எடுத்துப்போய் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த மாதிரி போனோ, அதன் படம், அளவு, உதிரி பாகமோ நேரத்துக்கு முன்பே வெளியே வந்தால் அதுதான் கசிவு.

இதில் நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் உண்டு. புது போன் விற்பனைக்கு வருகிற அன்றே அதற்கான பேக் கவரும், டெம்பர் கிளாசும் கடையில் தொங்குவதை பார்த்திருப்பீர்கள். முன்கூட்டியே அளவு கிடைத்தால்தானே கவருக்கு அச்சு போட முடியும்? அந்த அளவை எப்படியாவது வாங்கி, உள்ளே ஒன்றுமே இல்லாத டம்மி போன் ஒன்றை செய்து விடுகிறார்கள். நம்ம வாட்ஸ்அப்புக்கு "ஒரிஜினல் லீக்" என்று வரும் படங்களில் பல, இந்த டம்மியின் படங்கள்தான்.

சரி, கம்பெனி ஏன் இதற்கு இப்படி பதறுகிறது? செஞ்சி வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு பிடிக்க போகிறவர்களுக்கு இதை சொல்லித்தர வேண்டியது இல்லை. அடுத்த வாரம் நல்ல சரக்கு இறங்குது என்று தெரிந்து விட்டால் இந்த வாரம் யாரும் விலை கொடுத்து பிடிக்க மாட்டார்கள். அதே கணக்குதான் இங்கேயும். புது மாடல் வரப்போவது தெரிந்தால் பழைய மாடல் கடையில் தேங்கும். போட்டி கம்பெனிக்காரனும் பார்த்து செய்து விடுவான்.

எட்டு வருடம் முகலாய படை வளைத்துக்கொண்டு நின்றபோதே, 1698-ம் ஆண்டு கோட்டை விழும் முன்பு மராட்டிய மன்னர் ராஜாராம் நழுவிப்போன ஊர் இது. எத்தனை காவல் போட்டாலும் ஓட்டை எங்கேயாவது இருக்கும் என்பது செஞ்சிக்காரர்களுக்கு பழைய கதை.

பாரில் கிடந்த ரகசிய போன்

உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட செல்போன் கசிவு 2010-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது. அமெரிக்காவில் ரெட்வுட் சிட்டி என்ற ஊரில் பீர் பாருக்கு போன ஆப்பிள் என்ஜினீயர் ஒருவர், சோதனைக்காக வைத்திருந்த ஐபோன் 4 மாதிரியை அங்கேயே விட்டு விட்டு வந்து விட்டார். பார்ப்பவர்களுக்கு பழைய மாடல் போல தெரிய வேண்டும் என்று மேலே உறை போட்டு இருந்தார்கள்.

அது ஒரு வாலிபர் கையில் சிக்கியது. "கிஸ்மோடோ" என்ற இணையதளம் 5 ஆயிரம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. ஏப்ரல் 19-ந்தேதி போனை பிரித்து மேய்ந்து படம் போட்டார்கள். உலகம் முழுக்க பரபரப்பு. சில நாட்களில் அந்த இணையதள ஆசிரியர் வீட்டில் போலீஸ் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிச்சென்றது.

கடைசியில் என்ன ஆனது? போனை விற்ற விவகாரத்தில் 2 வாலிபர்கள் 2011-ம் ஆண்டு கோர்ட்டில் நின்றார்கள். 40 மணி நேர சமூக சேவையும், ஆளுக்கு 250 டாலர் இழப்பீடும், நன்னடத்தை கண்காணிப்பும் தண்டனையாக கிடைத்தது. ஐபோன் 4 வழக்கம்போல விற்பனைக்கு வந்து பிய்த்துக்கொண்டு போனது. ஆப்பிளுக்கு பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது. காசு கொடுக்காமலே உலகம் முழுக்க விளம்பரம் ஆகிவிட்டது.

2025-ம் ஆண்டு ஜூலையிலும் இதே போல இரண்டு சம்பவம். ஒன்று, சான்பிரான்சிஸ்கோ தெருவில் ஒருவர் கறுப்பு உறை போட்ட போனுடன் நின்ற படம். அது ஐபோன் 17 புரோ மாதிரிதான் என்று இணையத்தில் சூடு பறந்தது. கேமரா பகுதி அகலமான பட்டையாக இருக்கும் என்று கசிந்தது. செப்டம்பரில் வந்த போனும் அப்படியேதான் இருந்தது.

இன்னொன்று கோர்ட்டுக்கு போய் விட்டது. தனது ஊழியர் ஒருவரின் சோதனை போனை அவர் இல்லாத நேரத்தில் திறந்து, வீடியோ கால் மூலம் புது சாப்ட்வேரை காட்டி விட்டார்கள் என்று ஜான் பிராசர் என்ற யூடியூபர் மேலும் இன்னொருவர் மேலும் ஆப்பிள் வழக்கு போட்டது. பிராசர் இதை மறுத்தார். ஆனால் அந்த போனை வைத்திருந்த ஊழியருக்கு வேலை போய் விட்டது.

பார்த்தீர்களா? படம் பார்த்த நமக்கு பொழுது போனது. வீடியோ போட்டவருக்கு பார்வையாளர் எண்ணிக்கை கூடியது. வேலை இழந்தது மட்டும் சம்பளத்துக்கு இருந்த ஆள்.

25 வயது வாலிபரின் சாவு

இதை விட கொடுமையான ஒரு சம்பவம் உண்டு. அதை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவது இல்லை.

2009-ம் ஆண்டு ஜூலை. சீனாவில் ஷென்சென் நகரில் உள்ள பாக்ஸ்கான் கம்பெனி. அங்கே வேலை பார்த்த 25 வயது வாலிபர் ஒருவரிடம் 16 ஐபோன் மாதிரிகள் ஒப்படைக்கப்பட்டு இருந்தன. அதில் ஒன்றை காணவில்லை. தேடிப்பார்த்து விட்டு மேலதிகாரிகளிடம் அவரே தகவல் சொன்னார்.

அதன் பிறகு கம்பெனியின் பாதுகாப்பு பிரிவினர் அவரது வீட்டை சோதனை போட்டார்கள், விசாரித்தார்கள். தன்னை அடைத்து வைத்து அடித்ததாக நண்பர்களுக்கு அவர் செய்தி அனுப்பியதாக அப்போது பத்திரிகைகளில் தகவல் வெளியானது. ஜூலை 16-ந்தேதி அவர் தற்கொலை செய்து கொண்டார். கம்பெனி வருத்தம் தெரிவித்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் பாரில் தொலைந்ததும் ஒரு மாதிரி போன்தான். சீனாவில் காணாமல் போனதும் ஒரு மாதிரி போன்தான். முதலாவது சுவாரசியமான கதை ஆனது. இரண்டாவதில் ஒரு தாய் தன் மகனை இழந்தாள்.

நம்ம பக்கம் எப்படி?

அந்த பாக்ஸ்கான் நிறுவனம்தான் சுங்குவார்சத்திரத்திலும் தொழிற்சாலை நடத்துகிறது. சீனாவில் நடந்த மாதிரி இங்கே நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே வேலையின் தன்மை மாறி இருக்கிறது. அதை கவனிக்க வேண்டும்.

2019-ம் ஆண்டு இங்கே ஐபோன் எக்ஸ்.ஆர். என்ற பழைய மாடலைத்தான் செய்தார்கள். பழைய மாடலில் ரகசியம் ஏது? 2022-ல் ஐபோன் 14 வெளியான சில வாரத்திலேயே இங்கே தயாரிப்பு தொடங்கியது. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளே, இங்கே செய்த போனும் இந்திய கடைகளுக்கு வந்தது. 2024-ல் விலை கூடிய புரோ மாடலும் வந்தது. 2025-ல் ஐபோன் 17 வரிசையில் 4 மாடலுமே தொடக்கத்தில் இருந்தே இந்தியாவில் தயாராகின.

இதற்கு என்ன அர்த்தம்? முதல் நாளே கடையில் போன் இருக்க வேண்டும் என்றால், அதற்கு முன்பே அதை செய்து பெட்டி போட்டு முடித்திருக்க வேண்டும். அதாவது உலகமே என்ன நிறம், என்ன வடிவம் என்று அடித்துக்கொள்ளும் நேரத்தில், அந்த போன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. மறைமலைநகர் அருகே மகிந்திரா சிட்டியில் உள்ள பெகாட்ரான் ஆலைக்கும், ஓசூர் பக்கம் உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கும் இதே கதைதான்.

போன் மாடல் பெரிசாக பெரிசாக கேட்டில் சோதனையும் கூடத்தானே செய்யும். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்ற விதி நம்ம ஊர் பெண்களை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்று 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் பார்த்தோம். திருமணமான பெண்களை ஐபோன் வேலைக்கு எடுப்பது இல்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தாலி, மெட்டி பேச்சும் அதில் அடிபட்டது. மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள்தான் என்றும், உலோக விதி ஆண், பெண், மத பேதம் இல்லாமல் எல்லோருக்கும் பொது என்றும் கம்பெனி தரப்பில் அரசிடம் விளக்கம் கொடுக்கப்பட்டதாக தகவல் வெளியானது.

ரகசியம் காக்கும் இடத்தில் வதந்தி

ரகசியம் அதிகமாக உள்ள இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியான தகவல் வெளியே வராவிட்டால் வதந்திதான் தகவல் ஆகிவிடும்.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்தது நினைவு இருக்கும். பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கி இருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்து விட்டதாக செல்போனில் தீயாக பரவியது. ஆத்திரம் அடைந்த பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் விடிய விடிய மறியல் செய்தார்கள்.

யாரும் இறக்கவில்லை. அது வதந்தி. ஆனால் கெட்டுப்போன சாப்பாடும், நெருக்கடியான விடுதியும் உண்மை. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ந்தேதிதான் திரும்ப திறந்தது. விடுதிகளை சரி செய்யும் வரை ஆலையை கண்காணிப்பில் வைத்திருப்பதாக ஆப்பிளே அறிவித்தது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் மூலம் தமிழக அரசு கட்டி திறந்தது.

அந்த 3 வாரமும் நம்ம பக்க கிராமங்களில் பெற்றவர்கள் போனை கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். பிள்ளை எங்கே இருக்குது, சாப்பிட்டுதா, வேலை இருக்கா, போச்சா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. புது போனின் கேமரா எப்படி இருக்கும் என்று 4 மாதம் முன்பே தெரிந்து விடுகிறது. அதை செய்கிற பிள்ளையின் நிலவரம் வீட்டுக்கு தெரியவில்லை என்றால் என்ன நியாயம்?

வாங்குகிறவர்களுக்கு அடி

கசிவு பேச்சில் ஏமாறுவது தொழிலாளி மட்டும் இல்லை, வாங்குகிற நாமும்தான்.

251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் நாடே அல்லோலகல்லோலப்பட்டதே, மறந்து விட்டதா? நொய்டாவை சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி "பிரீடம் 251" என்று அறிவித்தது. இணையதளம் முதல் நாளே முடங்கியது. 7 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்ததாக கம்பெனி சொன்னது.

பத்திரிகைக்காரர்களிடம் காட்டிய மாதிரி போனை உற்றுப்பார்த்தபோது குட்டு வெளியானது. அது "ஆட்காம்" என்ற வேறு கம்பெனியின் போன். பெயர் தெரியாமல் இருக்க ஒயிட்னர் தடவி இருந்தார்கள். 2017 பிப்ரவரியில், வினியோகஸ்தர் ஒருவர் கொடுத்த பண மோசடி புகாரில் கம்பெனி அதிபர் மோகித் கோயல் கைது செய்யப்பட்டார். மாதிரி போன் ஒன்றை காட்டினால் மட்டும் போன் வந்து விடாது என்பதற்கு இதை விட சாட்சி வேண்டாம்.

இன்றைக்கு ஒயிட்னர் தேவை இல்லை. கம்ப்யூட்டரிலேயே படம் செய்து, "லீக் ஆன புது மாடல், முன்பதிவு 499 ரூபாய்தான்" என்று லிங்க் அனுப்பி விடலாம். விற்பனைக்கே வராத போனுக்கு வாட்ஸ்அப் லிங்க்கில் பணம் கேட்டால் அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம்.

கசிவு செய்தியால் நமக்கு உருப்படியாக ஒரே ஒரு பலன் உண்டு. எப்போது விலை குறையும் என்று கணக்கு போடலாம். 2024 செப்டம்பரில் 79 ஆயிரத்து 900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 16, ஐபோன் 17 வந்ததும் 2025 செப்டம்பரில் 69 ஆயிரத்து 900 ஆனது. ஆகஸ்டில் முழு விலை கொடுத்து, தவணையில் வாங்கியவருக்கு ஒரே மாதத்தில் 10 ஆயிரம் போச்சு. செஞ்சியில் ஒரு கூலித்தொழிலாளிக்கு அது எத்தனை நாள் சம்பளம்?

அதே நேரம், 10 ஆயிரம் ரூபாய் போன் வாங்கப்போகிறவர் ஐபோன் கசிவை பார்த்து காத்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கண்ணாடி உடைந்து, சார்ஜ் நிற்காத போனை வைத்துக்கொண்டு 4 மாதம் தவிக்க வேண்டாம். தேவை என்றால் இன்றைக்கே வாங்கலாம்.

இதை எல்லாம் மனதில் வையுங்கள்

* கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் போன், உதிரி பாகம், லைன், அட்டைப்பெட்டி எதையும் படம் எடுக்க வேண்டாம். "ஒரு படம் அனுப்பு, 5 ஆயிரம் தர்றேன்" என்று யாராவது ஆன்லைனில் ஆசை காட்டினால் பிளாக் செய்து விடுங்கள். வேலை போவது ஒரு பக்கம். முதலாளியின் பொருளை ஊழியர் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 306-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை ஜெயில்.

* அதே சமயம், திருட்டு சந்தேகம் என்றால் போலீசில் புகார் கொடுப்பதுதான் முறை. யாரையும் அடைத்து வைக்கவோ, அடிக்கவோ எந்த செக்யூரிட்டிக்கும் அதிகாரம் இல்லை. பெண்ணை பெண்தான் சோதனை செய்ய வேண்டும். பிரச்சினை என்றால் பெண்கள் உதவி எண் 181, இலவச சட்ட உதவிக்கு 15100.

* "பேக்டரியில் இருந்து நேரா வந்த சரக்கு, பாதி விலை" என்று யாராவது ஐபோன் நீட்டினால் தொடாதீர்கள். திருட்டு பொருள் என்று தெரிந்து வாங்கினால் வாங்கியவருக்கும் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

* பழைய போன் வாங்கும் முன் *#06# அடித்து, திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ. நம்பரும் பெட்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த நம்பரை போட்டால் திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா என்பதும் தெரியும்.

* முன்பதிவு லிங்க்கில் பணம் போய் விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி

ஆப்பிள் கணக்கில் இந்தியா இப்போது சின்ன இடம் இல்லை. 2025 மார்ச் வரையிலான ஒரு ஆண்டில் உலகத்தில் தயாரான ஐபோன்களில் சுமார் ஐந்தில் ஒன்று இந்தியாவில் செய்தது என்று கூறப்படுகிறது. அதில் பெரும்பங்கு தமிழ்நாட்டு கைகளுக்கு உண்டு.

1-11-2014 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து ஊர் திரும்பியதை இந்த பக்கம் மறக்கவில்லை. அதனால் கம்பெனி நல்லா இருக்க வேண்டும், ரகசியமும் காக்கப்பட வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் ஒரு போன் காணாமல் போனால், ஒரு படம் வெளியே போனால் விசாரணை எப்படி நடக்கும்? யார் விசாரிப்பார்கள்? பெண் அதிகாரி இருப்பாரா? வீட்டுக்கு தகவல் சொல்வார்களா? இதை வேலைக்கு சேரும் அன்றே தமிழில் எழுதி கையில் கொடுக்க வேண்டும் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கோரிக்கை. தொழிலாளர் துறையும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் இதை ஆலை ஆலையாக கேட்டு வாங்கலாம். இதற்கு பெரிய செலவும் கிடையாது.

அடுத்த முறை "லீக் ஆயிடுச்சு" என்று படம் வந்தால் தாராளமாக பாருங்கள். அனுப்பும் முன்பு, அந்த போனை இந்நேரம் எந்த ஊர் பிள்ளை செய்து கொண்டிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப்பாருங்கள். அது மேல்மலையனூர் பக்கமாகவோ, வளத்தி பக்கமாகவோ கூட இருக்கலாம்.